வீட்டில் அழகுச் செடிகளைப் பெருக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்செடி, புதர்ச்செடி, கொடி, நிழல்மரம் என்று வீட்டில் வளர்ப்பவற்றிலிருந்து புதுக் கன்று எடுப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். குச்சி நட்டு வரவில்லை என்றால் பலரும் "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செடிக்குப் பொருந்தாத முறையில் முயல்வதும், வேர் வருவதற்கு முன்பே குச்சி காய்ந்தோ அழுகியோ போவதும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் எப்படிச் செய்வது என்பதோடு, ஏன் அப்படி என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

விதை போடுவதா, குச்சி நடுவதா?

அந்தச் செடியில் உங்களுக்குப் பிடித்தது எது என்று முதலில் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட பூ நிறம், அடுக்கிதழ், இலையில் உள்ள கோலம் இவற்றுக்காக விரும்பினால் குச்சி, பதியம் (தாய்ச்செடியில் இருக்கும்போதே கிளையை வேர்விடச் செய்வது), ஒட்டு (ஒரு செடியின் கிளையை இன்னொன்றின் தண்டில் பொருத்துவது) இவற்றில் ஒன்றுதான் வழி. விதையில் இரண்டு பெற்றோரின் குணங்கள் கலந்திருக்கும். கலப்பினச் செம்பருத்தியின் விதையைப் போட்டால் செம்பருத்திதான் வரும், ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட அதே பூ வராது. குரோட்டன்ஸும் அப்படித்தான். போகன்வில்லாவின் பல வகைகளில் விதையே அரிதாகத்தான் பிடிக்கும்.

குச்சியில் இன்னொரு லாபமும் உண்டு. பூக்கும் வயதுக்கு வந்த செடியின் கிளை, வேர் பிடித்த பிறகும் அந்த முதிர்ச்சியை இழப்பதில்லை. அதனால் சீக்கிரம் பூக்கும். விதைக் கன்று குழந்தைப் பருவத்தைத் தாண்டித்தான் பூவுக்கு வர வேண்டும். செண்பகத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்: விதையில் வந்த மரம் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஒட்டுச் செண்பகம் இடுப்பளவு உயரத்திலேயே பூத்துவிடும்.

சரக்கொன்றை, செம்மயிற்கொன்றை போன்ற பெரிய நிழல்மரங்களுக்கு விதையே நல்லது. ஆணிவேரோடு தொடங்கும், நிறையக் கன்றுகள் கிடைக்கும், ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருந்தாலும் அங்கே யாரும் குறை சொல்லப் போவதில்லை.

சில குச்சிகள் நட்டதும் வேர் விடுகின்றன, சிலவற்றில் வருவதே இல்லை. ஏன்?

வெட்டிய தண்டில் வேர் வருவதற்கு, தண்டாக இருந்த சில செல்கள் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டு வேராக வளர வேண்டும். இதைத் தூண்டுவது ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி. இதைப் புல்வகை நாற்றின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டிய ஆய்வை, நெதர்லாந்தைச் சேர்ந்த பிரிட்ஸ் வென்ட் 1928-ல் வெளியிட்டார். ஆக்சின் துளிரிலும் இளம் இலையிலும் உருவாகி, தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கும். வெட்டுவாயில் அதற்கு மேல் போக வழியில்லாமல் சேரும். சேரும் இடத்தில்தான் வேர் கிளம்புகிறது. குச்சியைத் தலைகீழாக நட்டால் ஒழுங்காக வராததற்கும் இதுதான் காரணம். ஆக்சின் இறங்கும் திசை தண்டுக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது, நாம் திருப்பி நட்டதால் அது மாறாது. வெட்டும்போதே மேல் முனையை நேராகவும் கீழ் முனையைச் சாய்வாகவும் வெட்டிக்கொண்டால் குழப்பம் வராது.

கோலியஸ் போன்ற மென்தண்டுச் செடிகளில் செல்கள் சுலபமாக மாறிக்கொள்ளும். வயதான மரத்தின் கட்டைப்பட்ட கிளையில் அந்தத் திறன் குறைந்துவிடும். ஆகவே கடினமான வகை என்றால், அடியிலிருந்து புதிதாகக் கிளம்பிய இளங்கிளையைத் தேடுங்கள். முந்தைய பருவத்தில் நன்றாகக் கவாத்து செய்து, அதிலிருந்து வந்த துளிர்க்கிளையை எடுப்பது இன்னும் நல்லது.

எந்தக் கிளையை, எவ்வளவு நீளத்தில் வெட்டுவது?

நுனி இலைகள் முதிர்ந்து, வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு சட்டென்று ஒடியும் பதத்தில் இருக்கும் கிளை பெரும்பாலான புதர்ச்செடிகளுக்குச் சரியாக வரும். இதை அரைமுற்றல் குச்சி என்போம். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, மல்லிகை எல்லாம் இந்தப் பதத்தில் நன்றாக வரும். போகன்வில்லாவுக்கு இன்னும் கொஞ்சம் முற்றிய, பென்சில் தடிமன் உள்ள குச்சி வேண்டும். கோலியஸுக்கு நுனித்துளிரே போதும்.

10 முதல் 15 செ.மீ. நீளம் போதும், மூன்று நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான கத்தியால் அல்லது கவாத்துக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும். காலையில் செடி நீர் நிறைந்திருக்கும்போது எடுப்பது நல்லது. மண்ணுக்குள் போகும் பாதியில் உள்ள இலைகளை உரித்துவிடுங்கள். பூவும் மொட்டும் இருந்தால் கண்டிப்பாகக் கிள்ளிவிடுங்கள், குச்சியில் உள்ள உணவை அவை இழுத்துக்கொள்ளும். மேலே இரண்டு மூன்று இலைகளை விட்டு, அவை பெரியவையாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். எல்லா இலையையும் உரித்துவிட வேண்டாம். இலையுள்ள குச்சிக்கு அந்த இலைதான் உணவும் ஆக்சினும் தருகிறது.

நட்ட குச்சி ஏன் வாடுகிறது? தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே?

வேர் இல்லாத குச்சி மண்ணிலிருந்து உறிஞ்சும் தண்ணீர் மிகக் குறைவு. ஆனால் இலை வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மண்ணில் எவ்வளவு ஊற்றினாலும் இந்தக் கணக்கு நேராகாது. கூடுதலாக ஊற்றினால் அடி அழுகும், அவ்வளவுதான். நாம் ஈரப்படுத்த வேண்டியது மண்ணை விட, இலையைச் சுற்றியுள்ள காற்றை.

வழி எளிது. தொட்டியின் மேல் ஒரு தெளிந்த பாலித்தீன் பையைக் கவிழ்த்து, இலையில் ஒட்டாமல் இரண்டு குச்சிகளால் தூக்கிக் கட்டுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலும் போதும். உள்ளே நீர்த்துளி படிந்திருந்தால் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சற்று நேரம் திறந்து காற்றாட விடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் வரும். இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும், ஆனால் நேர்வெயில் கூடாது. மூடிய பைக்குள் வெயில் பட்டால் உள்ளே வெந்துபோகும். இருட்டு மூலையும் ஆகாது, வெளிச்சம் இல்லாமல் இலை உணவு தயாரிக்க முடியாது. மண்ணின் சூடு 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்கு வேர் வேகமாக வரும்.

குச்சி நட என்ன மண் கலவை?

தோட்ட மண் மட்டும் வேண்டாம், அது தொட்டிக்குள் இறுகிவிடும். வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், காற்றும் அதே அளவு வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். கழுவிய பருமணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சமபங்கு, அல்லது பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) கோகோபீட்டும் சமபங்கு, இரண்டில் எதுவும் நன்றாக வேலை செய்யும். கோகோபீட்டில் உப்பு இருக்கலாம், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எருவும் உரமும் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை. வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டால் உறிஞ்ச ஆளில்லை, பூசணத்துக்குத்தான் விருந்து.

கூடவே வரும் கேள்வி: தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் வடிகால் நன்றாக இருக்குமா? இருக்காது. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் நன்றாக நனைந்து நிறைந்த பிறகுதான் இறங்கும். அதனால் நீர் தேங்கும் மட்டம் இன்னும் மேலே, வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. தொட்டி முழுக்க ஒரே கலவையை நிரப்புங்கள், ஓட்டை அடைபடாமல் ஒரு வலைத்துண்டு வையுங்கள். போதும்.

ரூட்டிங் பவுடர் (வேரைத் தூண்டும் பொடி) அவசியமா? தேன், இலவங்கப்பட்டைத் தூள், இளநீர் பயன்படுமா?

எளிதில் வேர்விடும் செடிகளுக்கு அவசியமில்லை. சுமாராக வருபவற்றுக்கு நிச்சயம் உதவும். கொஞ்சமும் வராத செடியை வரவழைக்க அதனால் முடியாது. பெரும்பாலான பவுடர்களில் இருப்பது ஐ.பி.ஏ. எனப்படும் இண்டோல் பியூட்ரிக் அமிலம், ஆக்சின் வகையைச் சேர்ந்தது. மென்குச்சிக்கு 0.1 சதவீதம், அரைமுற்றல் குச்சிக்கு 0.3, முற்றிய கட்டைக்குச்சிக்கு 0.8 என்ற அளவுகளில் கிடைக்கும். நிறையத் தொட்டால் நிறைய வேர் வரும் என்பது தவறு. அளவு கூடினால் அடித்தண்டு கறுத்து, வேர் தடைபடும். தேவையானதைத் தனியாக எடுத்துக்கொண்டு, குச்சியின் அடியை லேசாகத் தொட்டு, தட்டி உதறிவிட்டு, பென்சிலால் மண்ணில் துளைபோட்டு நடுங்கள். நேரே குத்தினால் பவுடர் மேலேயே வழிந்துவிடும்.

தேனில் வேரைத் தூண்டும் ஆக்சின் இருப்பதாக எண்ண வேண்டாம். பட்டைத்தூளுக்குப் பூசணத்தை ஓரளவு தடுக்கும் தன்மை உண்டு, வேரை வரவழைக்கும் வேலையை அது செய்யாது. இளநீர் விஷயம் சுவாரசியமானது. அதன் வளர்ச்சித் தூண்டும் ஆற்றலை 1941-லேயே ஆய்வகத்தில் செடிக் கருக்களை வளர்க்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதில் சைட்டோகைனின் என்ற ஊக்கியும் இருக்கிறது. அது துளிருக்கு உதவும், வேர் தொடங்குவதைப் பொதுவாகத் தடுக்கும். போதாததற்கு அதன் சர்க்கரை பூசணத்தைக் கூப்பிடும். ஆகவே குச்சிக்கு இளநீரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துளிர் வந்தது, சந்தோஷப்பட்டேன், மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. என்ன ஆயிற்று?

துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் சேமித்து வைத்த உணவைக் கொண்டே மொட்டு விரியும். போகன்வில்லாவிலும் ரோஜாவிலும் இது அடிக்கடி நடக்கும். அந்தத் துளிரைப் பார்த்ததும் நாம் பையை எடுத்துவிடுகிறோம், வெயிலில் வைக்கிறோம், உரமும் போடுகிறோம். சேமிப்பு தீர்ந்ததும் குச்சி போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். வேர் வந்ததற்கு நம்பகமான அடையாளம், தொட்டி ஓட்டையில் வேர் நுனி எட்டிப் பார்ப்பது. அல்லது முதல் துளிரோடு நிற்காமல் அடுத்தடுத்து இலைகள் முழு அளவில் வளர்வது. அதுவரை பிடுங்கிப் பார்க்கவே வேண்டாம், நூல்போன்ற முதல் வேர் அறுந்தால் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். கோலியஸுக்கு ஒன்று இரண்டு வாரம், செம்பருத்திக்கு நான்கு முதல் ஆறு வாரம், இட்லிப்பூவுக்கும் போகன்வில்லாவுக்கும் இரண்டு மாதம்கூட ஆகலாம். தண்டு பச்சையாக, உறுதியாக இருக்கும்வரை நம்பிக்கை வைக்கலாம். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் பட்டையின் கீழே பச்சை தெரிய வேண்டும்.

தண்ணீர் பாட்டிலில் வேர் விடச் செய்யலாமா?

மணி பிளாண்ட், கோலியஸ், டிராடஸ்கான்ஷியா போன்றவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். தண்ணீரை வாரம் இருமுறையாவது மாற்றுங்கள், தேங்கிய தண்ணீரில் உயிர்வாயு குறையும். தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் முறியும், மண்ணுக்குப் பழக நாள் பிடிக்கும். அதனால் வேர் இரண்டு மூன்று செ.மீ. வந்ததுமே மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். கட்டைத்தண்டுச் செடிகளுக்கு இந்த முறையை விட மண் கலவையே மேல்.

போகன்வில்லா, கள்ளிமந்தாரை, அடினியம்: இவற்றுக்குத் தனிக் கவனிப்பு உண்டா?

உண்டு. போகன்வில்லாவின் வேர்கள் உடையக்கூடியவை, கலைத்தால் பிடிக்காது. குச்சியைத் தனித்தனிச் சிறு பைகளில் நட்டு, மண் உதிராமல் பையைக் கிழித்து மாற்றுங்கள்.

கள்ளிமந்தாரையில், அதாவது புளுமேரியாவில், வெட்டியதும் பால் வடியும். அதை உடனே நட்டால் அழுகும் ஆபத்து அதிகம். ஒரு முழம் நீளக் கிளையை வெட்டி, இலைகளை எடுத்துவிட்டு, நிழலில் ஒன்று இரண்டு வாரம் போட்டுவையுங்கள். வெட்டுவாய் உலர்ந்து கெட்டியான பிறகு மணற்பாங்கான கலவையில் நட்டு, ஒருமுறை நனைத்துவிட்டு, இலை வரும்வரை தண்ணீரை மிகக் குறைத்துவிடுங்கள். பை போட்டு மூடக் கூடாது. இவ்வளவு நேரம் சொன்ன ஈரக்காற்று விதிக்கு இது நேர்மாறு. தண்டிலேயே நீரைச் சேமிக்கும் செடிக்கு வாட்டம் ஆபத்தில்லை, அழுகல்தான் ஆபத்து.

அடினியமும் குச்சியில் வரும், ஆனால் எல்லோரும் ஆசைப்படும் அந்தப் பருத்த அடித்தண்டு விதைக் கன்றில்தான் அழகாக அமையும். பருத்த அடியும் வேண்டும், பிடித்த பூவும் வேண்டும் என்றால், விதைக் கன்றின் மேல் விரும்பிய வகையை ஒட்டுக் கட்டுவதுதான் வழி.

ரோஜாவைக் குச்சியில் வளர்ப்பதா, ஒட்டுச்செடி வாங்குவதா?

நாட்டு ரோஜாக்களும் கொடி ரோஜாக்களும் குச்சியில் நன்றாக வரும். பெரிய பூ விடும் கலப்பினங்கள் சொந்த வேரில் பலவீனமாக வளர்வதால், வலுவான காட்டு ரோஜா வகையின் மேல் மொட்டுக்கட்டி (அதாவது கிளைக்குப் பதில் ஒரு மொட்டை மட்டும் ஒட்டி) விற்கிறார்கள்.

ஒட்டுச்செடி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒட்டுப்பகுதிக்குக் கீழிருந்து வேகமாக நெட்டுக்குத்தாய் ஒரு கிளை வந்தால், அது வேர்ச்செடியின், அதாவது அடியில் உள்ள காட்டு ரோஜாவின் கிளை. விட்டால் மேலே உள்ள ரோஜாவை மெல்ல அமுக்கிவிடும். ஐந்து சிற்றிலை இருந்தால் நல்லது, ஏழு இருந்தால் காட்டுக்கிளை என்று சொல்வார்கள். அதை நம்பி வெட்ட வேண்டாம், நல்ல ரோஜாக்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை உண்டு. மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும்.

பதியம் போடுவது எப்படி? குச்சியை விட அது நல்லதா?

வீட்டில் ஒன்றிரண்டு கன்று போதும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது பதியம்தான். குச்சியில் உள்ள பெரிய ஆபத்து, தாய்ச்செடியிலிருந்து பிரித்த பிறகு வேர் வரும்வரை அது தனியாகத் தாங்க வேண்டும் என்பது. பதியத்தில் அந்த ஆபத்தே இல்லை. கிளை தாய்ச்செடியின் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வேர் விடுகிறது.

வளையும் கிளையுள்ள மல்லிகை, முல்லை போன்றவற்றுக்குத் தரைப்பதியம் போடலாம். கிளையை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பக்கம் லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துவிடுங்கள். நுனி வெளியே நிற்க வேண்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், இரண்டு மூன்று மாதத்தில் கன்று தயார்.

வளையாத கிளைக்கு விண்பதியம். ரப்பர் செடி, குரோட்டன்ஸ், செம்பருத்தி, செண்பகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விரல் தடிமன் உள்ள ஆரோக்கியமான கிளையில், நுனியிலிருந்து ஒரு முழம் கீழே, 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்துவிடுங்கள். பட்டை எடுத்த இடத்தில் கட்டையின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். அதுதான் கேம்பியம் என்ற வளர்திசு. விட்டுவைத்தால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும், வேர் வராது. பதியம் போட்டும் வேர் வராமல் காயம் ஆறிக் கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள், காரணம் இந்தச் சுரண்டலை விட்டதுதான்.

உள்ளே நடப்பது இது: தண்ணீர் கட்டைப்பகுதி வழியாக ஏறுகிறது, அதை நாம் தொடவில்லை. இலை தயாரித்த உணவும் ஆக்சினும் பட்டைப்பகுதி வழியாக இறங்குகின்றன, அதை நாம் அறுத்துவிட்டோம். இரண்டும் வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கி, அங்கேதான் வேர் புறப்படும். ஆகவே ரூட்டிங் பவுடர் தடவுவதானால் மேல்விளிம்பில் தடவுங்கள். பிறகு ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை ஒரு கைப்பிடி வைத்து மூடி, பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றி, இரு முனையும் கட்டிவிடுங்கள். மழைநீர் உள்ளே இறங்கக் கூடாது, மேல்கட்டு இறுக்கமாக இருக்கட்டும். வெயில் படும் இடமானால் மேலே ஒரு வெளிறிய துணி சுற்றலாம்.

ஆறு முதல் பத்து வாரத்தில் தாளின் உட்புறம் வெள்ளை வேர் தெரியும். ஒன்றிரண்டு தெரிந்ததும் அவசரப்பட வேண்டாம், வேர்கள் பழுப்பாகிக் கிளைவிடும்வரை விடுங்கள். பிறகு பாசிக் கட்டுக்குக் கீழே வெட்டி, தாளை மட்டும் பிரித்து, பாசியோடு தொட்டியில் வைத்து, இலைகளைப் பாதியாகக் குறைத்து, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். வேர் கொஞ்சமாகவும் இலை நிறையவும் இருக்கும் இந்த இரண்டு வாரத்தில்தான் நல்ல பதியன்களும் வீணாகின்றன.

எந்தச் செடியையும் எந்தச் செடியோடும் ஒட்ட முடியுமா?

முடியாது. உறவு நெருக்கமாக இருக்க வேண்டும். ரோஜாவை ரோஜாவோடு, செம்பருத்தியைச் செம்பருத்தியோடு ஒட்டலாம். ஒரே குடும்பத்தில் சற்றுத் தள்ளிய உறவும் சில நேரம் ஒத்துவரும், அடினியத்தை அரளியின் மேல் ஒட்டுவது உண்டு. ரோஜாவை மல்லிகையோடு ஒட்டுவது நடக்காது.

இரண்டு தண்டின் கேம்பியமும் ஒரு பக்கமாவது சரியாகத் தொட வேண்டும், காயம் காயாமல் நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். இவ்விரண்டும்தான் ஒட்டின் உயிர். தண்டுகளின் பருமன் வேறு என்றால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக ஒதுக்கி, பட்டையோடு பட்டை சேரும்படி வையுங்கள்.

பனை வகைகளைக் குச்சியில் வளர்க்கலாமா?

கூடாது. ஒற்றைத்தண்டுப் பனைகளுக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அதை வெட்டினால் வெட்டிய பகுதியும் வேர் விடாது, நிற்கும் மரமும் செத்துவிடும். கேம்பியம் இல்லாததால் ஒட்டும் பலிக்காது. விதை ஒன்றே வழி. அரிகா பாம் போலப் புதராக வளர்வதை மட்டும் வேரோடு பிரித்து நடலாம்.

ஓர் இலையிலிருந்தே செடி வருமா?

வரும். பாம்புக்கற்றாழை, ஆப்பிரிக்க வயலட், ரெக்ஸ் பிகோனியா, இசட்.இசட். செடி, எச்சிவேரியா போன்ற சதைப்பற்றுச் செடிகள் எல்லாம் இலையிலிருந்தே வரும். ஆனால் செம்பருத்தி இலை வேர் மட்டும் விட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம், மொட்டு இல்லாமல் அது செடியாகாது.

மஞ்சள் ஓரம் உள்ள பாம்புக்கற்றாழையை இலைத்துண்டில் வைத்தால் வரும் கன்று வெறும் பச்சையாக இருக்கும். பலருக்கு இது ஏமாற்றம். அந்த மஞ்சள் ஓரம், வேறுபட்ட மரபுள்ள இரண்டு திசுக்கள் ஒரே செடியில் அடுக்கடுக்காக இருப்பதால் வருவது. இலைத்துண்டில் புதுக்கன்று உள்திசுவிலிருந்து கிளம்புவதால் ஓரத்தின் மஞ்சள் அதில் சேருவதில்லை. அந்த வகையைக் கிழங்கோடு பிரித்துத்தான் பெருக்க வேண்டும். ரெக்ஸ் பிகோனியாவின் கோலம் எல்லா செல்லிலும் எழுதப்பட்ட மரபுக்குணம், இலையில் வைத்தாலும் அப்படியே வரும். கோலமிட்ட இலைச்செடியில் திடீரென்று முழுப்பச்சைக் கிளை வந்தால் உடனே அடியோடு வெட்டுங்கள். பச்சை அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றதை மறைத்துவிடும்.

கல்வாழை, ஹெலிகோனியா?

கிழங்கைப் பிரித்து நடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்க வேண்டும், வெட்டுவாய் ஒரு நாள் உலரட்டும்.

மர விதைகள் போட்டு மாதக்கணக்காகியும் முளைக்கவில்லை. விதை கெட்டதா?

சரக்கொன்றை, செம்மயிற்கொன்றை விதைகள் கெட்டிருக்காது. அவற்றின் மேல்தோல் தண்ணீரையே உள்ளே விடாது. இயற்கையில் அது நாளாவட்டத்தில் தேய்ந்து திறக்கும். நாம் உப்புத்தாளில் ஒரு ஓரத்தைத் தேய்க்கலாம், அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஆறவிட்டு இரவு முழுக்க ஊறவைக்கலாம். விதை முனையைத் தொட வேண்டாம், அங்கே கரு இருக்கிறது. ஊதிப் பெருத்தவற்றை நடுங்கள், பெருக்காதவற்றை மறுபடி தேய்த்து ஊறவையுங்கள்.

இதற்கு நேர் எதிரானவை செண்பகமும் நெட்டிலிங்கமும். அவற்றின் விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழம் பழுத்ததும், சதையை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, உடனே போட வேண்டும். டப்பாவில் சேர்த்துவைத்தால் வீண்.

பிட்டுனியா, பிகோனியா, கோலியஸ் போன்ற பொடி விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும், மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். நித்தியகல்யாணிக்கு இருட்டு நல்லது, மூடிவிடுங்கள். மரமல்லி பல இடங்களில் காய்ப்பதே இல்லை, அதன் வேரிலிருந்து முளைக்கும் கன்றை வேர்த்துண்டோடு பெயர்த்து நடலாம்.

நாற்றுகள் நன்றாக முளைத்து, அடியில் சுருங்கிச் சாய்கின்றன. மருந்து உண்டா?

இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணுயிரிகள் செய்வது. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, பரவாமல்தான் தடுக்கலாம். நெருக்கமாக விதைக்காதீர்கள், பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், குழித்தட்டைக் கழுவிக் காயவையுங்கள். முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள். மேல்மண் சற்றுக் காய்ந்த பிறகு அடித்தட்டில் தண்ணீர் வைத்து உறிஞ்ச விடுவது நல்ல பழக்கம்.

வேர் பிடித்த கன்றை எப்போது வெளியே கொண்டுபோவது?

பையை ஒரேயடியாக எடுக்காதீர்கள். முதலில் ஓரத்தில் ஓட்டை, பிறகு பாதி திறப்பு, அப்புறம் முழுத் திறப்பு என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்கு நீரைக் காக்கும் மெழுகுப்பூச்சு மெல்லியதாக இருக்கும். வெயிலும் அதேபோல: முதலில் காலை இளவெயில், பிறகுதான் மற்றதெல்லாம். மெலிந்த உரம் கொடுக்க இப்போது தொடங்கலாம்.

மரக்கன்றைத் தரையில் நடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

குழியை ஆழமாகத் தோண்டுவதை விட அகலமாகத் தோண்டுங்கள். ஆழம் வேர்க்கட்டியின் உயரமே போதும், அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் பட்டை அழுகி, சில ஆண்டு கழித்துக் காரணம் தெரியாமல் மரம் மெலியும். பையில் நீண்ட நாள் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். அதைப் பிரித்து விரியுங்கள், முடியாத தடித்த வேரை வெட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் அந்த வேரே பருத்து, வளர்ந்த மரத்தின் கழுத்தை நெரிக்கும். முட்டுக்கோலைத் தளர்வாகக் கட்டி, ஓர் ஆண்டில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

ரப்பர் செடி, பைகஸ் வகைகள் தொட்டியில் சாதுவாக இருக்கும். தரையில் சுவர் ஓரம் வைத்தால் வேர் அஸ்திவாரத்தைப் பதம்பார்க்கும். மரமல்லியின் கிளை காற்றில் எளிதில் முறியும், வீட்டை ஒட்டி வேண்டாம்.

வெட்டும்போது வடியும் பால் ஆபத்தானதா?

அரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் எல்லாப் பகுதியும் நஞ்சு, இதயத்தைப் பாதிக்கும். வெட்டிய குச்சிகளை எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். யூபோர்பியா வகைகளின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். டீபன்பேக்கியா சாறு வாயில் பட்டால் நாக்கு வீங்கும். கையுறை போட்டு வெட்டி, கத்தரியைக் கழுவி, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில் குச்சிகளை வையுங்கள்.

எந்தச் செடியைப் பெருக்கக் கூடாது?

இலையில் மஞ்சள் கோடு, திட்டு, சுருட்டல் உள்ள செடியை எடுக்காதீர்கள். அது வைரஸாக இருந்தால் ஒவ்வொரு குச்சியிலும் கிழங்கிலும் அதுவும் சேர்ந்தே வரும். ரோஜாவின் தேமல் நோய் முக்கியமாக ஒட்டுக்கட்டுவதன் வழியாகத்தான் பரவுகிறது. ஒரு செடியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள்.

உண்ணிச்செடி, வெங்காயத்தாமரை, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் வெடேலியா, இந்த மூன்றும் பூ அழகுக்காக ஊர் விட்டு ஊர் கொண்டுபோகப்பட்டு, காட்டையும் குளத்தையும் ஆக்கிரமித்தவை. யார் கேட்டாலும் இவற்றின் கன்றைக் கொடுக்காதீர்கள். வெட்டிய துண்டுகளை வெளியிலோ நீர்நிலையிலோ எறியாமல், பையில் கட்டி வெயிலில் முழுக்கக் காயவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஈரம் இருக்கும் ஒரு கணு போதும், மறுபடி முளைத்துவிடும்.